டொபியா, காலா?

பஹ்மியா அக்கா எங்கள் கடையின் முதலாவது கவுண்டரில் நிற்பவர். இரண்டாவது கவுண்டரில் காசாளர் உட்காருவதற்கு ஓர் உயரமான கதிரை இருக்கிறது. முதலாவதிலும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அதைப் பின்னுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சவர்க்காரப் பெட்டிகளுக்கு மேல் கவிழ்த்து வைத்துவிட்டார். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை நின்றபடிதான் பில் அடிப்பார். பகல் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் உள்ளே போவார்.

கடை திருகோணமலையில், உட்துறைமுகப் பக்கம். துறைமுகத்தில் வேலை செய்பவர்கள், அரசாங்கக் கந்தோர்களில் இருந்து வருபவர்கள், மீன் விற்றுவிட்டு ஊர் திரும்பும் குச்சவெளி ஆட்கள் என்று எல்லோரும் வருவார்கள். அக்கா அடித்துத் தள்ளும் சாமான்களை நான் பையில் போட்டுக் கொடுக்கிறேன். மூன்று வருடங்களுக்கு மேலாகிறது. என் வேலைக்குக் கண்ணும் கையும் போதும்.

சில்லறை இல்லாவிட்டால் மிச்சத்துக்கு டொபி மிட்டாய் கொடுப்பது எங்கள் பக்கத்துக் கடைகளின் வழக்கம். எங்கள் கடையில் ஒரு டொபி ஐந்து ரூபா. மிச்சம் பத்து ரூபா என்றால் இரண்டு டொபி. மூன்று, நான்கு ரூபா என்றாலும் ஒன்றைப் போட்டுவிடுவோம். வேண்டுமா என்று நாங்கள் கேட்பதில்லை, வேண்டாம் என்று அவர்களும் சொல்வதில்லை. பையின் அடியில் கிடந்து வெயிலுக்கு இளகி, தேயிலைப் பக்கெற்றில் ஒட்டிக்கொண்டு அது வீட்டுக்குப் போகும்.

பொருளாதார நெருக்கடி வந்த வருடம் பெற்றோலைப் போல டொபிக்கும் தட்டுப்பாடு. சில்லறையும் இல்லை. நான்கு ரூபாவுக்காகச் சனம் பஹ்மியா அக்காவுடன் சண்டை பிடித்தது. நான் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் பகல் முதலாளி சோமசேகரம் மாடியில் இருந்து இறங்கி வரும்போது அக்கா அவரை மறித்தார்.

"முதலாளி, சில்லறையும் இல்ல, டொபியும் இல்ல. மிச்சத்தக் கப்பல்துறைக் கால் பட்டறைக்குக் குடுக்க விருப்பமா எண்டு சனத்திட்ட கேட்டுப் பாக்கட்டா?"

"ஆர் குடுக்கப் போகினம் பிள்ளை? சனத்துக்குச் சாப்பாட்டுக்கே வழியில்ல."

"கேட்டாத்தானே தெரியும்."

"சரி, கேட்டுப் பார். ஆரையும் வற்புறுத்தக் கூடாது."

அக்கா சொன்ன கால் பட்டறை கண்டி வீதியில், கப்பல்துறையில் இருக்கிறது. தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். கனகரத்தினம் என்பவரும் இன்னும் இரண்டு பேரும் கால் இல்லாதவர்களுக்குப் பொய்க்கால் செய்து கொடுக்கிறார்கள். வசதியில்லாதவர்களிடம் காசு வாங்குவதில்லை. முன்பு யுத்தத்தில் வெடிபட்டுக் கால் போனவர்கள்தான் அங்கே போனார்களாம். இப்போது பாதிப் பேருக்கு மேல் சீனி வருத்தம் என்னும் நீரிழிவால் கால் எடுத்தவர்கள்.

முதல் சில நாட்கள் அக்கா இதையெல்லாம் ஒவ்வொருவருக்கும் விளக்கினார். வரிசை நீண்டது, பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அதனால் விளக்கம் நாளுக்கு நாள் சுருங்கியது. கடைக்கு மறுபடி டொபி வந்து சேர்ந்தபோது, அது இரண்டு சொல்லாகிவிட்டது.

"டொபியா, காலா?"

துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் ஒருவர் முதல்நாள் சொன்னார், "எனக்கு ரெண்டு காலும் இருக்குப் பிள்ளை. டொபியத் தா."

அடுத்த நாள் அவரே வந்தார். "நேற்றையான் டொபி பல்லைப் பிடுங்கிக்கொண்டு வரப் பாத்தது. காலுக்கே போடு."

குச்சவெளியில் இருந்து வரும் ஒரு மீன்காரர் இன்னும் சத்தமாகச் சொல்வார். "எனக்குச் சீனி வருத்தம் தங்கச்சி. டொபியத் தந்து என்ர காலையும் கழட்டிப்போட்டு, பிறகு அதுக்கு ஒரு கால் செய்து தரவோ நிக்கிறீங்கள்?" வரிசை முழுக்கச் சிரிக்கும். அவர் ஒருநாளும் டொபி வாங்கியதில்லை.

முதலாளி காசு மெஷினில் இதற்கென்று ஒரு பொத்தான் போட்டுக் கொடுத்தார். பில்லின் அடியில் 'கால்' என்று ஒரு வரி வரும். மாத முடிவில் சேர்ந்ததைக் கனகரத்தினம் அண்ணன் வந்து வாங்கிக்கொண்டு போவார். ஒரு முழுக் காலுக்கு அது காணாது. தேய்ந்த பாதத்துக்கு றப்பர், அறுந்த வாருக்குப் புது வார், கால் முண்டத்துக்குப் போடும் பருத்திக் காலுறை, பவுடர் என்று வாங்குவதற்குப் போதும்.

அக்கா ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறார் என்று எனக்கு எட்டு மாதம் தெரியாது. ஒருநாள் மத்தியானம் பை எடுக்கச் சாமான் அறைக்குப் போனேன். அக்கா பெட்டியொன்றின் மேல் இருந்துகொண்டு முழங்காலுக்குக் கீழே பவுடர் தட்டிக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்தான் இருந்தது. பக்கத்துச் சுவரில் சப்பாத்தோடு அவருடைய இடது கால் சாய்ந்து நின்றது.

"பாத்திட்டியா? பாத்தது பாத்ததுதான். ஆருக்கும் கதைக்காத," என்றார்.

நான் கதைக்கவில்லை. ஒரு கிழமை கழித்து அவரே சொன்னார். மூதூரில் சனமெல்லாம் ஊரை விட்டு ஓடின வருடம் அவருக்குப் பதினாலு வயது. ஓடும்போது ஷெல் விழுந்தது. அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொன்னது. மற்றதைத்தான் நீட்டிச் சொன்னார்.

"அதுக்குப் பொறகு ஆரு வந்தாலும் மொதல்ல காலத்தான் பாப்பாங்க. பள்ளிக்கூடத்துல டீச்சரும் கால, பொண்ணு பாக்க வந்த மாமியும் கால. உம்மாக்கு அழுகுறதுதான் வேல. இந்தக் கடையிலதான் நிரோ, எல்லாரும் என்ட கையப் பாக்குறாங்க. எவ்வளவு சுறுக்கா பில் அடிக்கிறன் எண்டு பாக்குறாங்க."

தினமும் மூதூரில் இருந்து முதல் பஸ்ஸில் வருகிறார். கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை பல நாள் நின்றபடிதான் வருவாராம். யாரும் எழும்பி இடம் கொடுப்பதில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லும்போது அக்காவுக்குப் பெருமை.

கடையில் தெரிந்தவர்கள் நானும் முதலாளியும்தான் என்று நினைத்திருந்தோம்.

முதலாளியின் மகன் இராகுலன் போன வருடம் கொழும்பில் இருந்து வந்து கடையைப் பொறுப்பெடுத்தார். கெட்டவர் என்று சொல்ல ஏலாது. பழைய மின்விசிறிகளை மாற்றினார், எங்களுக்குப் பின்னால் முகம் கழுவ ஓர் இடம் கட்டித் தந்தார். ஆனால் எதைச் செய்தாலும் அதைப் படம் எடுக்க வேண்டும் அவருக்கு. முகம் கழுவும் இடத்தையும் எடுத்தார்.

இந்த வருடம் கடைக்கு இருபத்தைந்து வயது. விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, தேநீர் நேரத்தில் அவர் பின்னால் வந்தார். நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, விழாவுக்கு ஒரு பெரிய பனர் அடிக்கப் போறம். கால் பட்டறைக்குக் கடை செய்யிற உதவியைப் போடுவம். உங்கட படம் ஒண்டு வேணும்."

"என்ட படம் என்னத்துக்குத் தம்பி? பில் அடிக்கிற படமா?"

"இல்ல. உங்கட கால். அப்பா சொன்னவர்."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "அப்பா சொன்னாரா?"

"முகம் வேண்டாம். உடுப்பைக் கொஞ்சம் உயர்த்தி, கணுக்கால் தெரிஞ்சாப் போதும். மரியாதையாத்தான் எடுப்பம். கீழ 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்' எண்டு போடுவம்."

"முகம் இல்லாமக் கால மட்டும் தொங்க விடுறதா? அது இறைச்சிக் கடையில செய்ற வேல தம்பி."

இராகுலனின் முகம் சிவந்தது. "நான் நல்லதுக்குத்தான் சொல்லுறன். ஒரு கதை இருந்தாத்தான் சனம் மனம் இரங்கிக் குடுக்கும்."

"மூணு வருசமாக் கதை கேக்காமத்தானே குடுக்குது? நாலு ரூபா குடுக்குறதுக்கு ஆருக்கும் என்ட கணுக்காலக் காட்டத் தேவையில்ல."

"அப்ப யோசிச்சுச் சொல்லுங்கோ. படம் இல்லையெண்டால் முதலாம் திகதியோட அந்தப் பொத்தானை எடுத்துப்போடுவன். கடைக்குப் பேர் வராத வேலை கடைக்கு என்னத்துக்கு?"

"யோசிக்க ஒண்டும் இல்ல. எடுங்க."

கடையில் அப்படிச் சொன்னாரே தவிர, அன்று பின்னேரம் பஸ் நிலையத்தில் அக்கா வேறு மாதிரி இருந்தார். போன லீவு நாளில் அவர் பட்டறைக்குப் போயிருந்தபோது தோப்பூரில் இருந்து முத்தலிப் என்று ஒருவர் வந்திருந்தாராம். வயல்காரர். அண்ணன் முறையில் 'காக்கா' என்றுதான் அக்கா அவரைச் சொன்னார். சீனி வருத்தத்தில் வலது கால் போனது. அளவெடுத்துக் காலும் பாதி முடிந்துவிட்டது. பாதத்துக்கு றப்பர் வாங்கினால் சரி. கடையில் அடுத்த மாதம் சேரும் காசில் வாங்கலாம் என்று கனகரத்தினம் அண்ணன் அவருக்குச் சொல்லியிருந்தார். மழைக்கு முன்னம் விதைக்க வேண்டும், வரம்பில் ஏறி நிற்க ஒரு கால் வேண்டும் என்று அந்த மனிதர் நாலு தரம் சொன்னது உள்ளறையில் இருந்த அக்காவுக்குக் கேட்டதாம்.

"என்ட வீம்பால அந்த மனிசன் இந்தப் போகம் வீட்டுல இருக்கணுமா எண்டு நெனக்கிறியா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் பஸ் வரும் பக்கம் பார்த்தேன்.

"நெனச்சாச் சொல்லு."

"இல்லை அக்கா."

"இண்டைக்கு என்ட காலக் குடுத்தா, நாளைக்கு முத்தலிப் காக்காட காலக் கேப்பாங்க. பொறகு கால் வேணுமெண்டா மொதல்ல படத்துக்கு நில்லு எண்டு அதுவே சட்டமாப் போயிரும். ஏலாது நிரோ. காலும் வரணும், படமும் குடுக்க மாட்டன்."

எப்படி என்று அவருக்கும் அப்போது தெரியாது. பஸ் வந்தது, ஏறினார். வழமை போல நின்றுகொண்டுதான் போனார்.

முதலாம் திகதி காலை மெஷினில் பொத்தான் இல்லை. கடை திறக்குமுன் இராகுலன் வந்து, "இனிமேல் கவுண்டரில அந்தக் கேள்வி கேக்கக் கூடாது," என்றார்.

"கேக்க மாட்டன்," என்றார் அக்கா.

கேட்கவில்லை. முதலாவதாக வந்த கந்தோர் அம்மாவுக்கு மிச்சம் எட்டு ரூபா. அக்கா இரண்டு டொபியை எடுத்து பில்லுக்கு மேல் வைத்தார்.

"இதென்ன? கால் எங்க?"

"கேக்கக் கூடாது எண்டு சொல்லிட்டாங்க அம்மா."

"ஆர் சொன்னது?"

அக்கா மாடியைப் பார்த்தார். அந்த அம்மாவும் மாடியைப் பார்த்தார். பிறகு இரண்டு டொபியையும் விரலால் அக்காவின் பக்கமே தள்ளிவிட்டார். "நீங்கள் கேக்கத்தானே கூடாது? நான் குடுக்கலாம்தானே? பட்டறைக்குக் குடுங்கோ." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானத்துக்கு முன்னமே கவுண்டரில் டொபி குவிந்து கீழே உருளத் தொடங்கியது. ஒருவர் தள்ளுவதைப் பார்த்து அடுத்தவரும் தள்ளினார். குச்சவெளி மீன்காரர் தன் டொபியை முகர்ந்து பார்த்து, "சீ, கால் நாத்தம்," என்று சொல்லித் தள்ளினார். நான் தேநீர் போடும் குசினியில் இருந்த பெரிய பிஸ்கற் போத்தலைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கவுண்டரின் ஓரத்தில் வைத்தேன். அக்கா என்னைப் பார்த்தார், குவிந்த டொபியை அதற்குள் வழித்துப் போட்டார்.

போத்தல் இரண்டு நாளுக்கு ஒருதரம் நிரம்பியது. அக்கா தன் லீவு நாட்களில் அவற்றைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இரண்டாவது கிழமை கனகரத்தினம் அண்ணன் அக்காவின் போனுக்கு எடுத்தார். அவர் எப்போதும் உரத்துத்தான் பேசுவார், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"பிள்ளை, இந்த டொபியளை வைச்சு நான் என்ன செய்யிறது? இனிப்பா ஒரு கால் வார்க்கவோ? எறும்புதான் போட்டுக்கொண்டு நடக்கும்."

"அண்ணன், மாசா மாசம் காலுறையும் பவுடரும் எங்க வாங்குறீங்க?"

"இஞ்சதான், சந்திக் கடையில. காசு குடுத்து."

"இந்த மாசம் எங்கட கடையில வாங்குங்க. காலுறைக்கு வெச்சிரிக்கிற காசுக்கு றப்பரை வாங்குங்க."

"அப்ப உங்கட கடைக்கு ஆர் காசு குடுக்கிறது?"

"டொபியக் கொண்டு வாங்க," என்றார் அக்கா.

சனிக்கிழமை காலை, வரிசை கதவு வரை நின்ற நேரத்தில் அண்ணன் வந்தார். தோளில் கோதுமை மா வந்த ஒரு பை. கடையின் தள்ளுவண்டியில் பத்துச் சோடி காலுறை, நாலு டின் பவுடர். அக்கா ஒவ்வொன்றாக அடித்தார். நாலாயிரம் ரூபா வந்தது.

அண்ணன் மா பையைக் கவுண்டரில் வைத்து வாயை அவிழ்த்தார். "எண்ணூறு. ராத்திரி முழுக்க நானும் மனிசியும் எண்ணினது. சந்தேகம் எண்டால் எண்ணுங்கோ."

அக்கா எண்ணத் தொடங்கினார். பத்துப் பத்தாக எடுத்துக் காசு லாச்சியில், நூறு ரூபாத் தாள்களுக்குப் பக்கத்தில் போட்டார். வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் தாங்களாகவே முன்னுக்கு வந்து எண்ண உதவினார்கள். மூட்டை ஏற்றுபவர் உரத்த குரலில் நூறு, இருநூறு என்று ஏலம் போடுவது போலச் சொன்னார். லாச்சி நிரம்பி மூட ஏலாமல் போனது.

இராகுலன் மாடியில் இருந்து ஓடி வந்தார். "என்னக்கா இது? என்ன பகிடி?"

"பகிடி இல்ல தம்பி, பில் அடிக்கிறன்."

"டொபிக்கு ஆராவது சாமான் குடுப்பினமோ?"

"நாங்க சனத்துக்குக் குடுக்கக்குள்ள ஒரு டொபி அஞ்சு ரூபா. இவ்வளவு காலமும் கடையிட கணக்கு அதுதான். சனம் திருப்பித் தரக்குள்ள மட்டும் அது டொபியா?"

"அதுதானே!" என்றார் குச்சவெளி மீன்காரர். "அப்ப இவ்வளவு நாளும் எங்கட காசுக்கு மிட்டாயோ தந்தனீங்கள்?"

வரிசை சிரித்தது. ஆனால் அது முன்பு சிரித்த சிரிப்பு இல்லை. இராகுலனுக்கும் அது விளங்கியது. அவர் கவுண்டரைச் சுற்றிப் பார்த்தார், பிஸ்கற் போத்தலைக் கண்டார்.

"இந்தப் போத்தலை இஞ்ச வைச்சது ஆர்?"

அக்கா வாயைத் திறக்குமுன், "நான்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சொன்னேன். "நான்தான் வைச்சனான்."

இராகுலன் என்னைப் பார்த்தார். அந்தக் கடையில் அவர் என் குரலைக் கேட்டது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

அதற்குள் முதலாளி படி இறங்கி வந்துவிட்டார். லாச்சியைப் பார்த்தார், மா பையைப் பார்த்தார். "என்ன பிள்ளை இதெல்லாம்?" என்று அக்காவிடம் கேட்டார்.

"கடையிட கணக்குப்படிதான் முதலாளி. பிழையெண்டாச் சொல்லுங்க, வந்த ஆக்களுக்கெல்லாம் இனிச் சில்லறையாவே குடுக்குறன்." பிறகு அக்கா குரலைத் தாழ்த்தினார். வரிசைக்குக் கேட்டிருக்காது. "இன்னொண்டும் உங்கள்ட கேக்க இரிக்கு. இங்க கேக்க மாட்டன். என்னெண்டு உங்களுக்கே தெரியும்."

முதலாளி அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. லாச்சியில் இருந்து ஒரு டொபியை எடுத்து உருட்டிக்கொண்டு நின்றார். "நான் மகனுக்குச் சொல்லியிருக்கக் கூடாது," என்று மெல்லச் சொன்னார்.

"ஓம்," என்றார் அக்கா. பரவாயில்லை என்று சொல்லவில்லை.

முதலாளி மகன் பக்கம் திரும்பினார். "எண்ணி எடு. எங்கட டொபிதானே? எங்களுக்கே செல்லாதெண்டால் பிறகு ஆருக்குச் செல்லும்?"

திங்கட்கிழமை பொத்தான் மெஷினுக்கு வந்துவிட்டது. விழாவுக்குப் பனரும் அடித்தார்கள், அதில் கடையின் முகப்புத்தான் இருந்தது. விழாவோடு எல்லோருக்கும் கூட்டிய சம்பளம் அக்காவுக்கு மட்டும் கூடவில்லை. இராகுலன் அக்காவுடன் நேரே கதைப்பதையும் விட்டுவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வார், ஒரு முழம் தள்ளி நிற்கும் அக்காவுக்குச் சொல்லச் சொல்லி.

"அந்தச் சம்பளத்த அவங்களே வெச்சி டொபி வாங்கட்டும்," என்றார் அக்கா.

முதல் மழை விழுவதற்கு நாலைந்து நாள் முன்னம் ஒருவர் கடைக்கு வந்தார். இடுப்பில் சாரம், தலையில் தொப்பி, கையில் விதைநெல் கடையின் பை. வலது காலை வைத்துப் பார்த்து வைத்துப் பார்த்து நடந்தார். தேயிலையும் பற்றரியும் வாங்கினார்.

"மிச்சம் நாலு ரூபா. டொபியா, காலா?"

"கால்தான் வந்திட்டே புள்ள!" என்று சாரத்துக்குக் கீழே தெரிந்த புதுப் பாதத்தைத் தட்டிக் காட்டினார். "தோப்பூர்ல இருந்து வாறன். நாளைக்கு வயலுக்கு எறங்கப் போறன். டொபி எனக்குக் கூடாது. காலுக்கே போடு, இன்னொருத்தன் நடக்கட்டும்."

அவர்தான் முத்தலிப் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பற்றரிப் பெட்டியின் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அக்கா கவுண்டரை விட்டு வெளியே வந்து, ஐந்தாறு அடி நடந்து வேறொன்றை எடுத்து வந்தார். அந்த நடையை மூன்று வருடமாக ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் ஒன்றும் கண்டதில்லை. முத்தலிப் கண்டுவிட்டார். அவருடைய கண் அக்காவின் அடியோடு கூடவே போய், கூடவே திரும்பி வந்தது.

பெட்டியை வாங்கும்போது, "எந்தக் கால்?" என்று வாய்க்குள் கேட்டார்.

நான் கையை நிறுத்தினேன். அக்கா வரிசையைப் பார்த்தார். அடுத்து நின்ற பெண் போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"இடது," என்றார் அக்கா.

"எனக்கு வலது."

"தெரியும் காக்கா."

"நகம் வெட்டுற வேல பாதி மிச்சம், என்ன?"

அக்கா சிரித்துவிட்டார். முத்தலிப் பையை எடுத்துக்கொண்டு, வைத்துப் பார்த்து வைத்துப் பார்த்துக் கதவைத் தாண்டினார். அக்கா இன்னும் சிரித்தபடியே அடுத்த பெண்ணின் பாண் பக்கெற்றை எடுத்துப் பில் அடித்தார்.

"மிச்சம் ஏழு ரூபா," என்றார், வழமையை விடச் சத்தமாக. "டொபியா, காலா?"